போறதுக்கு ஆறு மணி நேரம், வாரதுக்கு பதினாலா? ஃப்ளைட் தூரக் கணக்கு, நேரக் கணக்கு

பாளையங்கோட்டையில எங்க அத்தை வீட்டுக்கு போன வாரம் போயிருந்தேன். அத்தான் லண்டன்ல இருக்காவ, அம்மாவை ஒரு ரெண்டு மாசம் அங்க கூப்பிட்டு வச்சிக்கணும்னு ஆசை, அதான் ரெண்டு டிக்கெட்டோட ஸ்க்ரீன்ஷாட்டை வாட்ஸ்அப்ல போட்டு எது வேணும்னு பாத்து சொல்லும்மான்னு கேட்டிருந்தாவ. ஒண்ணு சென்னையிலேர்ந்து நேரா லண்டன், இன்னொண்ணு திருவனந்தபுரத்துலேர்ந்து துபாய் வழி. அத்தை பால் கணக்கு, சீட்டு கணக்கு எல்லாம் நோட்டு போட்டு எழுதுத ஆளு, நேரா போற டிக்கெட்டை எடுத்து ஒரு கழித்தல் போட்டு வச்சிருந்தாவ. சென்னையில காலம்பற 5:30க்கு கிளம்பி லண்டன்ல 11:15க்கு இறங்குது, ஆக அஞ்சே முக்கால் மணி நேரம். திரும்பி வாரப்போ மதியம் 2 மணிக்கு கிளம்பி மறுநாள் விடியக்காலம் 4 மணிக்கு சென்னை, ஆக பதினாலு மணி நேரம்.

"ஏ மருமவனே, போறதுக்கு ஆறு மணி நேரம் கூட ஆவல, வாரதுக்கு பதினாலு மணி நேரமா? அவன் வாரப்போ எங்கல சுத்திட்டு வாரான்?"

கேக்க சிரிப்பா இருந்தாலும் நியாயமான கேள்விதான். நம்ம நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுல இந்தக் கழித்தலை போட்டா சரியான விடை வருது, ஃப்ளைட் டிக்கெட்டுல போட்டா மட்டும் தப்பா வருதே ஏன்? அன்னைக்கு திண்ணையில உக்காந்து அத்தைக்கு சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிச்சு எழுதுதேன், விமானத்துல ஏறியே பழக்கமில்லாதவங்களுக்கும் புரியணும்னு.

முதல்ல கடிகாரம், ஏன்னா முக்கால்வாசி குழப்பம் அங்கதான். டிக்கெட்டுல கிளம்புற நேரம் கிளம்புற ஊர் கடிகாரத்துப்படி, இறங்குற நேரம் இறங்குற ஊர் கடிகாரத்துப்படி. உலகம் பூரா இப்படித்தான் போடுவாங்க. பூமி 24 மணி நேரத்துல ஒரு சுத்து, அதாவது 360 டிகிரி, அப்போ ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி. நமக்கு விடிஞ்சு பல மணி நேரம் கழிச்சுத்தான் லண்டனுக்கு விடியும். லண்டன் கடிகாரம் நம்மளதைவிட அஞ்சரை மணி நேரம் பின்னாடி, ஆனா மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிக்கிடுவாங்க, அப்போ வித்தியாசம் நாலரைதான். அத்தை டிக்கெட் ஆடி மாசத்துக்கு, அதனால நாலரையை எடுத்துக்கிட்டோம்.

இப்போ கணக்கு போடுங்க. போறப்போ 5:45, அதோட 4:30 கூட்டணும், 10:15 வருது. வாரப்போ 14 மணி நேரம், அதுல 4:30 கழிக்கணும், 9:30 வருது. அவ்வளவுதான். மேக்க போனா கூட்டு, கிழக்க போனா கழி. அத்தை நோட்டுல அதையும் எழுதி அடியில கோடு போட்டாவ.

இதை இன்னும் பளிச்சுன்னு பாக்கணும்னா ஒரு ஜோடி இருக்கு. திருவனந்தபுரம் - துபாய் தூரம் ஏறக்குறைய 2,950 கிலோமீட்டர், சென்னை - சிங்கப்பூர் ஏறக்குறைய 2,920. கிட்டத்தட்ட ஒரே தூரம், ரெண்டும் நாலேகால் மணி நேரம் வாக்குல பறக்கும். காலையில 10 மணிக்கு ரெண்டு பேரு கிளம்புறாங்கன்னு வைங்க. துபாய் நம்மளைவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி, அங்க போறவரு 12:45க்கு இறங்கி மதியச் சாப்பாட்டுக்கு உக்காந்துருவாரு. சிங்கப்பூர் ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அங்க போறவருக்கு இறங்குறப்போ சாயங்காலம் 4:45, காப்பி நேரம். ரெண்டு பேரும் உக்காந்திருந்த நேரம் ஒண்ணுதான்.

இங்க ஒரு சின்ன எச்சரிக்கை, இது என் சொந்த மடத்தனம். 15ஆம் தேதி 00:40ன்னு டிக்கெட்டுல இருந்தா அது 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுட்டு போய் நிக்க வேண்டிய ஃப்ளைட். ரெண்டு வருஷம் முன்னாடி சித்தி மவ மஸ்கட்லேர்ந்து அப்படி ஒரு நேரத்துல திருவனந்தபுரத்துல இறங்குனா, நான் மாமாகிட்ட 15ஆம் தேதி ராத்திரி காரை எடுத்துட்டு போங்கன்னு சொல்லிட்டேன். அந்தப் பிள்ளை பெட்டியோட வெளியில நின்னு ஃபோன் அடிக்கப்பதான் மாமா இங்க போர்வையை விலக்கிட்டு எழுந்திரிச்சாவ. இன்னைக்கும் கல்யாண வீட்டுல என்னைய பாத்தா "என்னடே, இன்னைக்கு தேதி என்ன?"ன்னுதான் கேப்பாவ.

சரி, கடிகாரம் முடிஞ்சிது. இனி தூரம்.

நமக்கும் டெல்லிக்கும் ஒரு அழகான பொருத்தம் இருக்கு. திருநெல்வேலி தீர்க்கரேகை 77.7 டிகிரி, டெல்லி 77.2. அதாவது நம்ம ஊருக்கு நேர் வடக்கேதான் டெல்லி. அட்சரேகை நமக்கு 8.7, டெல்லிக்கு 28.6. பூமியோட சுத்தளவு 40,000 கிலோமீட்டர், அதை 360ஆல வகுத்தா ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் வரும். 28.6லேர்ந்து 8.7 போக 19.9, அதை 111ஆல பெருக்குனா 2,209. நம்ம ஊருக்கும் டெல்லிக்கும் ஆகாய தூரம் 2,200 கிலோமீட்டர் வாக்குலன்னு ஒரு பழைய கேலண்டர் தாள்ல போட்டு கண்டுபிடிச்சாச்சு. ரயில்ல போனா இதைவிட பல நூறு கிலோமீட்டர் கூட, ஏன்னா தண்டவாளம் ஊரு ஊரா வளைஞ்சு போவணும். நம்ம ஊர் - சென்னையே ரயில்ல 650 சொச்சம், நேர்கோட்டுல பாத்தா 560தான்.

ரெண்டு ஊரும் நேர் வடக்கு தெற்கா இல்லாம கோணலா இருந்தா இந்த சின்னக் கணக்கு போதாது, கொஞ்சம் முக்கோணவியல் வேணும், இணையத்துல தூரம் சொல்லுத பக்கங்கள் அதைத்தான் பின்னாடி போடுது. பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரம் உள்ள உருண்டையா வச்சிக்கிட்டு அது மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல குறைஞ்ச வழி எதுன்னு பாக்குது. அசல் பூமி துருவத்துல லேசா தட்டையா இருக்கதால அரை சதவீதம் முன்ன பின்ன இருக்கும், நமக்கு அது பெரிசு இல்ல.

ஆனா உருண்டை மேல குறைஞ்ச வழிங்கிறதை மேப்பை பாத்து தெரிஞ்சிக்கிடவே முடியாது, இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். அத்தை வீட்டுல பேத்தியோட ஒரு குளோப் கிடந்துது, அத்தை பூ கட்ட வச்சிருந்த வாழை நாரு ஒண்ணை உருவி ஒரு முனையை சென்னையில பெருவிரல் வச்சு அழுத்திக்கிட்டு மறு முனையை லண்டன்ல வச்சு டைட்டா இழுத்தேன். ஈர நாரு உருண்டையில ஒட்டிக்கிட்டு தானா ஒரு வழியில போய் உக்காந்துது. மும்பைக்கு வடகிழக்கால போய், சிந்து, ஆப்கானிஸ்தான் - ஈரான் எல்லை, காஸ்பியன் கடல், தெற்கு ரஷ்யா, உக்ரைன், போலந்து, ஜெர்மனின்னு போய் லண்டன். இப்போ சுவத்துல ஒட்டியிருக்க தட்டை மேப்புல அதே ரெண்டு ஊருக்கும் ஸ்கேல் வச்சு கோடு போட்டா அது அரபிக்கடலைத் தாண்டி ஈராக், துருக்கி பக்கமால்ல போவுது! ஸ்கேல் கோடு நேரா தெரியுது, ஆனா நீளம். நாரு வளைஞ்சு தெரியுது, ஆனா அதுதான் குட்டை. அந்த நாரோட நீளம்தான் சென்னை - லண்டன் தூரம்னு போடுத 8,200 கிலோமீட்டர் சொச்சம்.

காரணம் வேற ஒண்ணுமில்ல, ஆரஞ்சுத் தோலை உரிச்சு மேசையில தட்டையா விரிக்கணும்னா எங்கயாவது கிழியும், இல்ல இழுபடும். மெர்க்கேட்டர்னு ஒரு மேப் வரையுத ஆளு 1569ல வரைஞ்ச மாதிரி மேப்புகள்ல வடக்கே போகப் போக எல்லாம் இழுபட்டு பெரிசாயிரும். கிரீன்லாந்து நம்ம நாட்டைவிட பெருசா தெரியும் அதுல, அசல்ல இந்தியா அதைப்போல ஒன்றரை மடங்கு. பெங்களூர் - சான் பிரான்சிஸ்கோவை நாரு வச்சு பாத்தா நாரு வட துருவத்துப் பக்கமா ஏறி இறங்கும், நம்பவே முடியாது. 2021 ஜனவரியில ஏர் இந்தியா அந்தப் பாதையில சான் பிரான்சிஸ்கோலேர்ந்து பெங்களூருக்கு ஒரு விமானத்தை கொண்டு வந்தாங்க, கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில விமானி அறையில முழுக்கப் பெண்கள், துருவத்து மேலயே பறந்து வந்தாங்க, 14,000 கிலோமீட்டர் வாக்குல, பதினேழு மணி நேரம்.

இனி வேகம். பெரிய ஜெட் விமானம் மேல ஏறி நிதானத்துக்கு வந்தப்புறம் மணிக்கு 850லேர்ந்து 900 கிலோமீட்டர் வேகத்துல போவும், உயரம் பத்து பதினோரு கிலோமீட்டர். ஏறுறப்பவும் இறங்குறப்பவும் இந்த வேகம் கிடையாது, அதனால வீட்டுல இருந்தே குத்துமதிப்பா போடணும்னா தூரத்தை 850ஆல வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்க. துபாய்க்கு 2,950ஐ 850ஆல வகுத்தா மூணரை, அரை சேத்து நாலு. டிக்கெட்டுல நாலேகால் போட்டிருப்பாங்க, ஏன்னா டிக்கெட்டுல உள்ளது விமானம் நிக்கிற இடத்துலேர்ந்து பின்னாடி நகர்றதுல ஆரம்பிச்சு அந்த ஊர்ல போய் நிக்கிற வரைக்கும் உள்ள நேரம், ரன்வேக்கு ஊர்ந்து போறது, வரிசையில நிக்கது எல்லாம் அதுல அடக்கம். நம்ம வாகைகுளத்துலேர்ந்து, அதான் தூத்துக்குடி விமான நிலையம், சென்னைக்கு போற ஏடிஆர்ங்கிற சின்ன விமானம் பங்கா வச்சது, வேகம் 500 சொச்சம்தான், தூரமும் 530 வாக்குல, ஒரு மணி நேரத்துல போயிரணும், ஆனா டிக்கெட்டுல ஒன்றரை மணி நேரம் போடுறது இதனாலதான். தூரம் கம்மியா இருந்தா இந்த ஊர்றதும் நிக்கதும் பெரிய பங்கு எடுத்துக்கிடும்.

இப்போ அத்தையோட அடுத்த கேள்வி. போறதுக்கு பத்தேகால், வாரதுக்கு ஒம்பதரை, கடிகாரத்தை சரி பண்ணியும் முக்கால் மணி நேரம் இடிக்குதே?

காத்துதான். ஆனி ஆடியில திருநெல்வேலியிலேர்ந்து தென்காசி ரோட்டுல சைக்கிள் மிதிச்சவங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். மேலக்காத்து, அதாவது மேக்கேர்ந்து அடிக்க காத்து, நெஞ்சுல கையை வச்சு தள்ளும், ஆலங்குளம் போறதுக்குள்ள தொடை ரெண்டும் கழண்டுரும், வேட்டி கட்டிட்டு போனா அது வேற கதை. திரும்பி வாரப்போ பெடல்ல காலை சும்மா வச்சா போதும். கயத்தாறுலயும் முப்பந்தல்லயும் காத்தாலையை கொண்டு வந்து நட்டது சும்மாவா. விமானத்துக்கும் இதே கதைதான். வடக்கே ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் இருக்க அட்சரேகைகள்ல பத்து கிலோமீட்டர் உயரத்துல மேக்கேர்ந்து கிழக்க ஒரு காத்து ஆறு மாதிரி ஓடுது, ஜெட் ஸ்ட்ரீம்னு பேரு, மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியும் போவும். விமானத்தோட வேகமானி காட்டுறது சுத்தி இருக்க காத்துக்குள்ள அது போற வேகம், அந்தக் காத்தே நகருதுன்னா தரைக்கு மேல போற வேகம் மாறிரும். 900ல போற விமானத்துக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காத்துன்னா தரைக்கு 850, பின்காத்துன்னா 950. 8,200ஐ ரெண்டாலயும் வகுத்து பாருங்க, ஒம்பது மணி நாப்பது நிமிஷம் ஒண்ணு, எட்டு மணி நாப்பது நிமிஷம் ஒண்ணு. ஒரு மணி நேரம் போச்சு பாத்தீங்களா.

காத்து ரொம்ப வெறி புடிச்சா என்ன ஆவும்ங்கிறதுக்கு 2020 பிப்ரவரியில ஒரு சம்பவம் உண்டு. புயல் அடிச்ச ராத்திரி பிரிட்டிஷ் ஏர்வேஸோட போயிங் 747 ஒண்ணு நியூயார்க்லேர்ந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துல வந்து சேந்துது, சாதாரணமா ஆறரை ஏழு மணி நேரம் ஆகுற வழி. இன்னும் சுவாரசியம் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ. ஏர் இந்தியா முன்னாடி மேக்க அட்லாண்டிக் வழியா போய்க்கிட்டு இருந்தாங்க, 2016 அக்டோபர்ல திசையை மாத்தி கிழக்க பசிபிக் மேல ஓட்டுனாங்க. தூரம் கூடி 15,300 கிலோமீட்டர் ஆச்சு, ஆனா காத்து முதுகுல இருந்ததால பதினாலரை மணி நேரத்துல போயாச்சு, பழைய வழியைவிட வேகமா. நீளமான வழியில சீக்கிரம் போறது! ஆடி மாசம் ஒரு தடவை சைக்கிள் மிதிச்சவன் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டான்.

ஒரு வேடிக்கை என்னன்னா, ஆனி ஆடியில நம்மளை தரையில மேலக்காத்து தள்ளுதுல்லா, அதே நேரம் நம்ம தலைக்கு மேல 14, 15 கிலோமீட்டர் உயரத்துல காத்து தலைகீழா, கிழக்கேர்ந்து மேக்க வேகமா ஓடிக்கிட்டு இருக்கும். அதை 1950கள்ல விளக்கமா எழுதுனவரு பி. கோட்டீஸ்வரம், நம்ம நாட்டு வானிலை விஞ்ஞானி.

இந்த இடத்துல அத்தை பேரன் குறுக்க வந்தான். பூமி மேக்கேர்ந்து கிழக்க சுத்துதுல்லா, அப்போ விமானம் மேல போய் சும்மா நின்னா லண்டன் தானா கீழ வந்துராதான்னு கேட்டான். எட்டாங் கிளாஸ்ல நானும் இதைக் கேட்டு வாத்தியார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். நெல்லை எக்ஸ்பிரஸ்ல உக்காந்து ஒரு எலுமிச்சம்பழத்தை மேல எறிஞ்சா அது உன் கையிலதான் விழும், பின்னாடி சீட்டு ஆளு தலையில விழாது, ஏன்னா பழமும் ரயிலோட வேகத்துலதான் போய்க்கிட்டு இருக்கு. திருநெல்வேலி மண்ணு மணிக்கு 1,650 கிலோமீட்டர் வேகத்துல கிழக்க சுத்துது, நீயும் நானும் காத்தும் வாகைகுளத்துல நிக்கிற விமானமும் அதோட சேந்தேதான் சுத்துதோம்.

கடைசியா ஒண்ணு, குளோப்ல நாரு போற வழியில விமானமும் போவும்னு நினைச்சிராதீங்க. வானத்துக்கும் வேலி உண்டு. அந்த நாரு உக்ரைன் மேல போச்சுல்லா, 2022 பிப்ரவரி 24லேர்ந்து அங்க பயணிகள் விமானம் பறக்கதே இல்ல. ரஷ்யா ஐரோப்பிய விமானங்களுக்கு தன் வானத்தை மூடிட்டு, அதனால பின்லாந்து நாட்டு ஃபின்ஏர் கம்பெனியோட ஹெல்சிங்கி - டோக்கியோ ஃப்ளைட் ஒம்பது மணி நேரம் வாக்குல இருந்தது பதிமூணு ஆயிட்டு. 2019ல பிப்ரவரி கடைசியிலேர்ந்து ஜூலை வரைக்கும் பாகிஸ்தான் மூடி வச்சிருந்தப்போ டெல்லிலேர்ந்து மேக்க போற விமானமெல்லாம் தெக்க இறங்கி சுத்திப் போச்சு. 2025 ஏப்ரல்ல மறுபடியும் இந்திய விமானங்களுக்கு மூடுனாங்க. அதனால இணையத்துல காட்டுற தூரம் நாரோட நீளம் மட்டும், விமானம் ஓடுற தூரம் அன்னைக்கு எந்த வாசல் தொறந்திருக்கோ அதைப் பொறுத்தது.

இவ்வளவும் சொல்லி முடிச்சு, சரி அத்தை, இப்போ ரெண்டு டிக்கெட்டையும் வீட்டு வாசல்லேர்ந்து எண்ணுவோம்னு நோட்டை வாங்குனேன். துபாய் வழி சுத்துன்னு அத்தை முதல்லயே ஒதுக்கி வச்சிருந்தாவ. நாரை திருவனந்தபுரத்துலேர்ந்து லண்டனுக்கு நேரா இழுத்தா 8,400 கிலோமீட்டர், துபாய்ல ஒரு குண்டூசி குத்தி அதைச் சுத்தி இழுத்தா 2,950ம் 5,500ம் சேத்து 8,450. வெறும் அம்பது கிலோமீட்டர்தான் கூட, நம்ம வீட்டுலேர்ந்து தூத்துக்குடி போற தூரம்! வளைகுடா ஊருகள்ல இத்தனை பேரு விமானம் மாறுறதுக்கு இந்தப் புவியியலும் ஒரு காரணம்.

பாளையங்கோட்டையிலேர்ந்து திருவனந்தபுரம் கார்ல நாலு மணி நேரம் வைங்க, அங்க மூணு மணி நேரம் முன்னாடி போய் நிக்கணும், பறக்க நாலேகால், துபாய்ல காத்திருப்பு மூணு, மறுபடி பறக்க ஏழரை. மொத்தம் 21 மணி 45 நிமிஷம். சென்னை வழின்னா ஃப்ளைட்டு விடியக்காலம் 5:30, ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுனா அது எழும்பூர் போய் சேர்றதுக்குள்ள விமானம் போயிரும். அப்போ முந்தின நாள் காலையில ஆறு மணிக்கு வந்தே பாரத், மதியம் ரெண்டு மணி வாக்குல எழும்பூர், அப்புறம் ராத்திரி வரைக்கும் காத்துக் கெடக்கணும். காலையில ஆறு மணிக்கு ஜங்ஷன்ல ஏறி மறுநாள் நம்ம நேரம் பிற்பகல் 3:45க்கு லண்டன்ல இறங்குறாவ. 33 மணி 45 நிமிஷம், அதுல பறக்கது பத்தேகால்தான்.

பன்னெண்டு மணி நேரம் மிச்சம் அத்தை, துபாய் வழியே போடச் சொல்லிருவோமான்னு ஃபோனை எடுத்தேன்.

அத்தை கண்ணாடியை கழட்டி முந்தானையில தொடைச்சிட்டு, "அங்கன இறங்கி எந்தக் கேட்டு எந்தப் பஸ்ஸுன்னு நான் யாரைல கேப்பேன், நீ மெட்ராஸ் வழியே போடச் சொல்லு, ராத்திரி தாம்பரத்துல தங்கச்சி வீட்டுல நாலு இட்லி தின்னுட்டு போறேன்"ன்னு நோட்டை மூடிட்டாவ.